கூழாங்கல் கரையில் பொன்னி

மாடம்பாக்கம் மெயின் ரோட்டில் மருந்துக் கடைக்கும் டிபன் கடைக்கும் நடுவே நீலத் தார்ப்பாய் கட்டி மீன் விற்கும் பொன்னி, யாரும் விலை கேட்பதற்கு முன்பே அன்றைய கடலைப் பற்றிச் சொல்லிவிடுவாள். "இன்னைக்கி கத்துது. பெரிய மீன் ஒண்ணும் இல்ல. நெத்திலி கீது, எடுத்துக்கோ." வேறு சில நாள், "மொணகிகினு கீது. நாளைக்கி பாரு, ஆடும்." கடல் அங்கிருந்து பதினைந்து கிலோமீட்டருக்குக் குறையாது. வாங்க வருகிறவர்களில் பாதிப் பேர் மாதக்கணக்காகக் கடலைப் பார்க்காதவர்கள். இருந்தாலும் கேட்டுக்கொள்வார்கள். ஐம்பத்திரண்டு வயதில், விடிவதற்குள் கரைக்குப் போய், படகு ஒதுங்கியதும் பேரம் பேசி, ஷேர் ஆட்டோவில் கூடையோடு திரும்புகிறவள் சொன்னால் தப்பாகாது.

கடலில் தனக்குத் தெரியாதது ஒன்றுமில்லை என்றுதான் பொன்னியும் நினைத்திருந்தாள்.

அவள் பிறந்ததும் வாழ்க்கைப்பட்டதும் ஈசிஆர் ஓரத்தில் ஒரே குப்பத்தில். புருஷன் கோதண்டம், அலை முறிகிற இடத்தில் படகு புரண்டு போனான். முதல் நாள் தேடினார்கள். அடுத்த நாள் தேடுவதை விட்டுவிட்டுக் கரையில் உட்கார்ந்தார்கள். அந்தக் கரையில் வழக்கம் அதுதான்: கடலம்மா எடுத்தால் மூன்றாம் நாள் கொடுத்துவிடுவாள். கொடுத்தாள். முகம் அடையாளம் தெரியவில்லை. அரைஞாண் கயிற்றில் தான் கோத்துவிட்ட சிவப்பு மணியைப் பார்த்துப் பொன்னி உட்கார்ந்துவிட்டாள். பிறகு எல்லாம் முறைப்படி நடந்தது. மணல்கரை என்பதால் கருமாதிக்குக் கல் கிடைக்காது. ஒருவர் சைக்கிளில் போய் ரோடு போடுகிற இடத்திலிருந்து ஒரு கருங்கல்லை எடுத்து வந்தார். அந்தக் கல்தான் செத்தவன். அதை நட்டுவைத்து, எண்ணெய் தடவி, தண்ணீர் ஊற்றி, அழுது, கடைசியில் தூக்கிக் கடலில் போட்டுவிட்டால் அவன் போய்விட்டான் என்று கணக்கு. கல்லைப் போட்டுவிட்டு வருகிறவர்கள் திரும்பிப் பார்க்கக் கூடாது.

பொன்னி திரும்பிப் பார்க்கவில்லை. அடுத்த மாதமே ஒன்பது வயது மகன் வினோத்குமாரைக் கூட்டிக்கொண்டு மாடம்பாக்கத்தில் ஓர் ஒற்றை அறைக்கு வந்துவிட்டாள். தூங்குகிற பையன் காதில் அலைச் சத்தம் விழக் கூடாது, அவ்வளவுதான் அவள் விருப்பம். மீனை அவள் கடலிலிருந்து கொண்டு வரலாம். கடல் அவனைத் தேடி வரக் கூடாது.

வந்துவிட்டது. படித்து முடித்து இரண்டு வருஷம் சும்மா சுற்றிய வினோத், ஒருநாள் கப்பல் வேலைக்கு ஆர்டரோடு வந்து நின்றான். "எம்மா, இது மீன் புடிக்கிற வேலை இல்ல. இரும்புக்கு பெயின்ட் அடிக்கிற வேலை. கடலு ஆறு மாடி கீழ கீது. காலு கூட நனையாது." கால் நனையாது என்பதைப் பிடித்துக்கொண்டு அவள் சரி என்றாள். இரண்டாவது முறை போய்த் திரும்பியதும் கோவிலம்பாக்கத்திலிருந்து துர்காவைப் பார்த்துக் கட்டிவைத்தாள். எட்டு மாதம் மூன்று பேரும் ஒரே அறையில், நடுவில் ஒரு திரை போட்டுக்கொண்டு, சிரிப்பும் சண்டையுமாக இருந்தார்கள். பிறகு அவன் மூன்றாவது முறை போனான்.

கப்பல் கிரேக்க நாட்டில் ஏதோ ஒரு தீவில் ரிப்பேருக்கு நின்றது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, வீடியோவில் கூப்பிட்டான். பொன்னியின் போனில் கண்ணாடி ஏற்கெனவே உடைந்திருந்தது. அதில் பளிச்சென்று நீலமும் அதன் ஓரத்தில் வெள்ளையாக எதுவோவும் தெரிந்தன.

"எம்மா, பாரு! கடலு சத்தமே போடாம கீது."

"இன்னாடா இது, ஏரியாட்டம்."

"ஏரி இல்லமா, கடலு. அலையே இல்ல. நான் ஒரு ரவுண்டு நீஞ்சிட்டு வரவா?"

"உனுக்கென்னடா, கோதண்டம் புள்ள. முறியிற அலையில நீஞ்சின பரம்பரை. இதுல நீஞ்ச உனுக்கு சொல்லியா தரணும்? போ, போ."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். துர்கா பக்கத்தில் இருந்தாள். அவளும் சிரித்தாள்.

கூட வந்த இரண்டு பேர் கரையில் இருந்தார்கள். வினோத் தூரத்தில் தெரிந்த ஒரு பாறையை நோக்கி நீந்தினான். பாறையின் அந்தப் பக்கம் போனவன் இந்தப் பக்கம் வரவில்லை. ஐந்து நாள் தேடினார்கள். ஒரு மாதம் கழித்து ஒரு பார்சல் வந்தது: மடித்து வைத்த சட்டை, செருப்பு, போன்.

பார்சலைப் பிரித்து வைத்துக்கொண்டு பொன்னி அழவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்த துர்காவைத்தான் அதட்டினாள்.

"மூணா நாளு குடுத்தாளா?"

"அத்த..."

"குடுத்தாளாடி? அவ எடுத்திருந்தா குடுத்திருப்பா. அவகிட்ட இருந்தாத்தான குடுக்க? என் புள்ள அங்க இல்ல. எங்கியோ கரையேறியிருக்கான். நெனப்பு தப்பிப் போயி எவன் வூட்லியோ கீறான்."

அவள் அண்ணன்மார் குப்பத்திலிருந்து வந்து, "கல்லு வெச்சிடலாம் பொன்னி, அவன் ஆத்மா அலையும்," என்றார்கள். "உயிரோட கீறவனுக்குக் கல்லு வெச்சா அவன் செத்துடுவான். எவனாச்சும் கல்ல எடுத்துகினு வந்தீங்க, அதாலியே அடிப்பேன்," என்று அனுப்பிவைத்தாள்.

மூன்று வருஷம் ஓடியது. கல் வைக்காததால் துர்காவின் தாலி இறங்கவில்லை. கழுத்தில் மஞ்சள் கயிறு, நெற்றியில் பொட்டு, தினமும் சாயங்காலம் தலையில் ஒரு முழம் பூ. பூவை வாங்கி வருவது பொன்னிதான். மீன் விற்றாலும் விற்காவிட்டாலும் பூ வரும். தாம்பரத்தில் ஒரு துணிக்கடையில் பில் போடுகிற துர்கா, இருபத்தாறு வயதில், வேலை முடிந்து களைத்து வந்ததும் தலையைக் குனிந்து காட்டுவாள். பொன்னி சொருகிவிடுவாள். ஒருநாளும் அவள் வேண்டாம் என்று சொன்னதில்லை.

சொன்னது அவள் அம்மாதான். மாதத்துக்கு ஒரு தடவை கோவிலம்பாக்கத்திலிருந்து வந்து வாசற்படியில் நின்றபடியே கேட்பாள். "எம் பொண்ண எத்தினி நாளிக்கு இப்டியே வெச்சிருக்கப் போற? கீறான்னா காட்டு. இல்லன்னா வுடு. ரெண்டுமில்லாம என்னாத்துக்கு இந்த பேஜாரு?"

"நானா புடிச்சி வெச்சிருக்கேன்? போவச் சொல்லு, போவட்டும்," என்பாள் பொன்னி.

துர்கா இரண்டு பேருக்கும் டீ போட உள்ளே போய்விடுவாள்.

*

ஞாயிறு ஆராதனை முடிந்து கையில் வேதாகமத்தோடு நேராக மீன் கடைக்கு வருகிறவர் அசரியா சார். துறைமுகத்தில் ஒரு கப்பல் ஏஜென்சியில் முப்பது வருஷம் கிளார்க்காக இருந்து ரிட்டயர் ஆனவர். கப்பலில் போனவர்களின் குடும்பங்களுக்கு மனு எழுதுவது, தூதரகத்துக்கு மெயில் போடுவது எல்லாம் இப்போது அவருக்கு வேலை. பொன்னி அவரிடம் மூன்று வருஷமாக ஒன்றையே சொல்லிவந்தாள்: "என்ன ஒரு தபா அங்க இட்டுனு போ சார். நான் போயி நின்னா அவன் வந்துடுவான். இல்லன்னா அந்தக் கடலயாச்சும் கேக்கறேன்."

கடைசியில் போக வழி பிறந்தது. வினோத்தோடு வேலை பார்த்தவர்கள் சேர்ந்து பணம் அனுப்பினார்கள், அசரியா சாரின் சபையும் உதவியது. பொன்னி, துர்கா, கூட வரும் தான் என மூன்று பேரின் விசா பாரத்திலும் பயணத்தின் காரணம் என்ற இடத்தில் அவர் சுற்றுலா என்று நிரப்பினார்.

"சுத்துலாவா?" என்றாள் பொன்னி.

"வேற எந்தக் கட்டத்துலயும் நம்ம காரணம் அடங்கல, பொன்னிம்மா."

மார்ச் மாதம், அவன் போய்ச் சரியாக மூன்று வருஷம். பொன்னி பையில் வினோத்தின் போட்டோ, அவனுக்குப் பிடித்த நெத்திலிக் கருவாடு நாலு சுற்றுப் பிளாஸ்டிக் கவரில், ஈரத் துண்டில் சுருட்டிய நாலு முழம் மல்லி. "அவன் பாக்கசொல்லோ நீ மொட்டத் தலையா நிக்காத," என்று துர்காவிடம் சொல்லிவைத்தாள்.

மீனம்பாக்கத்தில், பரிசோதனை இயந்திரத்தில் துர்காவின் கைப்பை நின்றுவிட்டது. சீருடையில் இருந்த வடநாட்டு இளைஞன் பையைத் திறந்து ஒரு கைக்குட்டைப் பொட்டலத்தை வெளியே எடுத்தான். பிரித்தான். கருங்கல். உள்ளங்கை அளவு, முனை முனையாக, ஒரு பக்கத்தில் தார் ஒட்டியிருந்தது. அவன் அதைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தான். "ஸ்டோன்?" என்றான். சிரிப்பை அடக்கிக்கொண்டு, "ஒய் ஸ்டோன்?"

அசரியா சார் ஆங்கிலத்தில் மெதுவாக எதையோ சொன்னார். இளைஞனின் முகம் மாறியது. கல்லை அதே கைக்குட்டையில், பிரித்ததைவிட ஒழுங்காக மடித்துத் திருப்பிக் கொடுத்தான்.

பொன்னி கல்லைப் பார்த்தாள். துர்காவைப் பார்த்தாள். "மணல்ல கல்லு கெடைக்காதுன்னு வூட்லருந்தே எடுத்துகினு வந்துட்டியா?" என்று மட்டும் கேட்டாள்.

துர்கா பொட்டலத்தைப் பைக்குள் வைத்து மூடினாள்.

அதற்குப் பிறகு பொன்னி அவளோடு பேசவில்லை. இரண்டு விமானம், ஏதென்ஸில் இரண்டு இரவு, அப்புறம் பெரிய படகில் நாலு மணி நேரம். பேசாவிட்டாலும் துர்கா அவளுக்குப் போர்வை போர்த்தினாள். ரொட்டியைப் பிய்த்துக் கையில் வைத்தாள். பொன்னி தின்றாள். நன்றாகப் பசித்தது. அதுவே அவளுக்குக் கோபமாக இருந்தது.

*

தீவின் துறைமுகத்தில் இறங்கியதும் அவள் கண் முதலில் போனது மீனுக்குத்தான். சின்னப் படகுக்குப் பக்கத்தில் மேசை போட்டு, அறுபது வயதிருக்கும் ஒருவர் விற்றுக்கொண்டிருந்தார். பொன்னி நேராகப் போய் ஒரு மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்தாள். அவர் முறைத்தார். அடுத்த மீனின் செவுளையும் தூக்கினாள்.

"சார், இது இன்னைய மீனு. அந்தாண்ட கீது பாரு, அது நேத்துது. ஐஸ் போட்டு மேல வெச்சிருக்கான்."

அசரியா சார் தர்மசங்கடத்தோடு அதை ஆங்கிலத்தில் சொன்னார். மீன்காரர் ஒரு கணம் பொன்னியைப் பார்த்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தார். தன் கையை விரித்துக் காட்டினார். பொன்னியும் விரித்துக் காட்டினாள். இரண்டு கைகளிலும் ஒரே மாதிரி வெடிப்பு, ஒரே மாதிரி முள் குத்திய தழும்பு.

அந்தச் சிரிப்பு ஆறும் முன்பே அவள் போட்டோவை எடுத்து நீட்டினாள்.

அவர் போட்டோவை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார். சிரிப்பு போய்விட்டது. தொப்பியைக் கழற்றி மார்பில் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டார். பிறகு அசரியா சாரிடம் நீளமாகப் பேசினார்.

"இன்னா சொல்றாரு?"

அசரியா சார் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். "அவருக்கு நல்லா ஞாபகம் இருக்காம். அஞ்சு நாளும் இவர் படகும் தேடப் போச்சாம். அந்த வாரம் முழுக்க யாரும் மீன் பிடிக்கலையாம்."

பொன்னி அந்த மனிதரை இரண்டு கையெடுத்துக் கும்பிட்டாள். திரும்பி அசரியா சாரிடம் சொன்னாள், "பாத்தியா சார். அஞ்சு நாளு படகுக்காரனே தேடியிருக்கான். கெடைக்கல. அப்ப கடலுக்குள்ள இல்லன்னுதான அர்த்தம்?"



மீன்காரர் மேசைமேல் சாக்கைப் போட்டு மூடிவிட்டு, தன் வண்டியிலேயே அவர்களை ஏற்றிக்கொண்டு போனார். ரோடு மலையைச் சுற்றிச் சுற்றி ஏறி, மறுபக்கம் இறங்கியது. இறங்கும்போது பொன்னி ஜன்னலை இறக்கிவிட்டுக் காதைக் கொடுத்தாள். கடல் கிட்டத்தில் வந்துவிட்டது என்று வாசனை சொன்னது. காது எதுவும் சொல்லவில்லை.

வண்டி நின்றது. மீன்காரர் இறங்காமல் ஸ்டியரிங்கில் கைவைத்தபடி இருந்துவிட்டார். மூன்று பேரும் இறங்கி, ஒரு சின்னச் சரிவைத் தாண்டினார்கள். துர்கா நின்றுவிட்டாள்.

கரை முழுக்கக் கல்.

மணல் ஒரு பிடி கூட இல்லை. வெள்ளைக் கல், சாம்பல் கல், வெள்ளையில் கறுப்பு வரி ஓடிய கல். கோழி முட்டை அளவு, உள்ளங்கை அளவு, எல்லாம் தேய்ந்து வழவழவென்று, கண்ணுக்கு எட்டிய வரை. வீடியோவில் வெள்ளையாகத் தெரிந்தது இதுதான். துர்கா தோளில் தொங்கிய கைப்பையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

பொன்னிக்கு முதலில் சிரிப்பு வந்தது. நாலு நாளில் முதல் தடவையாக மருமகளிடம் பேசினாள். "ஏழு கடலு தாண்டி கல்ல தூக்கினு வந்தியே. பாருடி."

அங்கே ஒரு பலகை நட்டிருந்தது. அசரியா சார் படித்துவிட்டு, சும்மா இருக்க முடியாமல், "இங்கேருந்து கல் எடுக்கக் கூடாதுன்னு போட்டிருக்கு," என்றார்.

"எடுக்கறதுக்கு யாரு வந்தா? வெக்கறதுக்குத்தான் ஒருத்தி வந்துகீறா."

அவர் அதற்குமேல் வராமல் பலகைக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டார்.

பொன்னி கற்களின் மேல் நடந்தாள். மிதித்த கற்கள் சரிந்து, உருண்டு, கொஞ்ச நேரம் கழித்தே அடங்கின. தண்ணீர் ஓரத்துக்குப் போய் நின்றாள். கண்ணாடி மாதிரி இருந்தது. கால் கட்டைவிரலுக்குப் பக்கத்திலிருந்த கல்லும் ஓர் ஆள் ஆழத்தில் கிடந்த கல்லும் ஒரே தெளிவில் தெரிந்தன. இரண்டடியில் ஆள் ஆழம். கரையோரம் தண்ணீர் ஒரு விரற்கடை ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தது, தூங்குகிற பிள்ளையின் வயிறு மாதிரி. எதிரே பாறை. நல்ல கிட்டத்தில்தான் இருந்தது.

குனிந்து கையை விட்டாள். வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். காலையில் ஐஸ் பெட்டியில் கைவிட்டு மீன் துழாவும்போது வருகிற அதே குத்தல். கொஞ்ச நேரம் வைத்திருந்தால் விரல் தன் பேச்சைக் கேட்காது என்று அவளுக்குத் தெரியும். அதை அவள் உடனே மனதிலிருந்து தள்ளிவிட்டாள்.

"இதுவா கொன்னுது?" என்றாள் சத்தமாக. "இதுக்குக் கொல்லத் தெரியுமா? பச்சப் புள்ளயாட்டம் கீது. நம்ம கடலு நம்மகிட்ட சொல்லிட்டுத்தான் எடுக்கும். கத்தும். ஆடும். இது வாயே தெறக்கல. இதுல எம் புள்ள போனானா? சொல்லுடி!"

துர்கா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "அத்த, போதும்."

"இன்னாடி போதும்? உனுக்குப் போதும். கல்ல தூக்கினு வந்தவதான நீ."

"ஆமா." துர்காவின் குரல் உயரவில்லை. "மூணு வருசமா தூக்கினுதான் கீறேன். நீ தெனமும் பூ வெக்கசொல்லோ தலையில கல்ல வெச்சா மாதிரிதான் இருந்துது. ஒரு நாளு சொன்னனா? அவுரு வருவாருன்னு நீ சொல்லசொல்லோ இல்லன்னு ஒரு நாளு சொன்னனா? நீஞ்சிட்டு வான்னு சொன்னது நீ மட்டும் இல்ல அத்த. நானும் சிரிச்சேன்."



துர்கா தலையிலிருந்த பூவை எடுத்தாள். நாலு நாள் பூ, ஓரமெல்லாம் பழுப்பேறி, காம்பு மட்டும் ஈரமாக இருந்தது. அதை இரண்டு கையாலும் தண்ணீரின் மேல் வைத்தாள். எறியவில்லை, வைத்தாள்.

"ஏண்டி!" பொன்னி பதறிப்போய்க் கையை நீட்டினாள். பிறகு தானே அடங்கினாள். "சரி, வுடு. இரு. எடுத்துகினு வந்துடும். மூணாவது அலையில காலாண்ட வந்துடும்."

அவர்கள் கரையில் அப்படித்தான். கடலுக்குப் போட்ட மாலையைக் கடல் வைத்துக்கொள்ளாது. ஒரு அலை இழுக்கும், ஒரு அலை புரட்டும், மூன்றாவது அலை கொண்டுவந்து காலடியில் போட்டுவிடும். செருப்பு, தேங்காய், அறுந்த வலை, பிள்ளையார் பொம்மை, கோதண்டம். எல்லாவற்றையும் அலைதான் திருப்பிக்கொண்டு வந்தது.

பொன்னி காத்திருந்தாள்.

பூச்சரம் தண்ணீரில் அசையாமல் கிடந்தது. பிறகு, யாரோ அடியிலிருந்து நூலைப் பிடித்து இழுக்கிற மாதிரி, கொஞ்சம் தள்ளிப் போனது. தண்ணீர் ஏறியது, இறங்கியது. பூ இன்னும் கொஞ்சம் போனது. ஒரு முழம். ஒரு ஆள் நீளம். வளைவு அவிழ்ந்து நேராக நீண்டுகொண்டது. ஒரு தடவைகூடக் கரைப்பக்கம் திரும்பவில்லை.

பொன்னி கரையை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பார்த்தாள். அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. ஒரு செருப்பு இல்லை. ஒரு கயிறு இல்லை. ஒரு காய்ந்த பாசி, ஒரு மீன் எலும்பு கூட இல்லை. கழுவி வைத்த மாதிரி வெறும் கல். இந்தக் கடல் எதையும் கொண்டுவந்து போட்டதில்லை. போடுவதற்கு இதனிடம் அலை இல்லை.

பூ பாறையை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. வெள்ளைப் புள்ளியாகி, பாறையின் விளிம்பில் ஒரு தடவை நின்று, அந்தப் பக்கம் திரும்பியது. பிறகு தெரியவில்லை.

எவ்வளவு நேரம் அப்படி நின்றாள் என்று அவளுக்குத் தெரியாது. துர்கா கையைப் பிடித்தபோதுதான் தன் புடவை முழங்கால் வரை நனைந்திருப்பது தெரிந்தது. தண்ணீருக்குள் இறங்கி நின்றிருந்தாள். கால் மரத்திருந்தது. விரல்களை அசைத்துப் பார்த்தாள். அசைந்ததா இல்லையா என்று சொல்ல முடியவில்லை.

"குடுக்கத் தெரியல இதுக்கு," என்றாள். குரல் பக்கத்தில் நின்றவளுக்கே அரைகுறையாகத்தான் கேட்டது. "இருந்தும் குடுக்கல. குடுக்கத் தெரியல."

அப்புறம் கற்களின் மேல் உட்கார்ந்து, மூன்று வருஷத்தில் ஒரு தடவையும் அழாத அழுகையை அழுதாள். அந்தக் கரையில் சத்தம் என்று இருந்தது அது ஒன்றுதான். பலகைக்குப் பக்கத்தில் நின்ற அசரியா சார் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மேலே வண்டியிலிருந்து மீன்காரர் இறங்கிவந்து, தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு அவர் பக்கத்தில் நின்றார்.

அழுது முடித்ததும் பொன்னி முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"அந்தக் கல்ல எடு."

துர்கா தயங்கினாள்.

"எடுடி. இங்க கீற கல்லெல்லாம் எவன் எவனோ. நம்ம வூட்டுக் கல்ல எடு."

கைக்குட்டையைப் பிரித்து எடுத்தாள். வழவழப்பான வெள்ளைகளுக்கு நடுவே அந்தக் கறுப்பு, முனை முனையாக, தார் ஒட்டியபடி, ஊரிலிருந்து இப்போதுதான் வந்து இறங்கிய ஆள் மாதிரி இருந்தது. பொன்னி கையால் நாலு கல்லை ஒதுக்கிக் குழி செய்து அதை நட்டாள். சாயாமல் இருக்கச் சுற்றிலும் கல் வைத்து அடைத்தாள். எண்ணெய் இல்லை. துர்கா பையிலிருந்து ஒரு சின்ன பாட்டிலை எடுத்தாள். அதையும் கொண்டுவந்திருந்தாள். பொன்னி அதை வாங்கி, குழந்தைக்குத் தலை தேய்க்கிற மாதிரி கல்லுக்குத் தேய்த்தாள். முனைகளில் மெதுவாக, வலிக்காமல்.

"ஆம்பள வெக்கணும். நம்ம வூட்ல ஆம்பள இல்ல. நானே வெக்கறேன், வினோது. கோச்சிக்காத."

கடல் தண்ணீரைக் கையில் அள்ளி மூன்று தடவை ஊற்றினாள். கருவாட்டுப் பொட்டலத்தைப் பிரித்து, இரண்டு நெத்திலியை எடுத்துக் கல்லுக்கு முன்னால் வைத்தாள். "துன்னு. தண்ணி சில்லுன்னு கீதுன்னு எங்கிட்ட சொல்லலியேடா. சொல்லியிருந்தா போவாதன்னு சொல்லியிருப்பேனே."

பிறகு துர்காவின் பக்கம் திரும்பினாள். "நான் கட்டிவெச்சது. நானே கழட்டறேன். குனி."

தினமும் சாயங்காலம் குனிகிற மாதிரியே துர்கா தலையைக் குனிந்தாள். பொன்னி மஞ்சள் கயிற்றைத் தலைவழியாக எடுத்தாள். அது முடியில் சிக்கியது, பொறுமையாக விடுவித்தாள். பொட்டைத் தொடவில்லை. துர்கா அப்படியே குனிந்தபடி பொன்னியின் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். பொன்னி அவள் முதுகில் கைவைத்துக்கொண்டு கல்லைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தாலிக் கயிற்றைக் கல்லில் மூன்று சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டாள். எழுந்தாள். கல்லை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு முழங்கால் தண்ணீர் வரை போனாள். கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள். துர்கா கூப்பிடவில்லை. பிறகு கையை நீட்டி, ஆழம் தொடங்குகிற இடத்தில் கல்லை விட்டாள்.

எறியாததால் பெரிய சத்தம் வரவில்லை. கல் இறங்குவது தெளிவாகத் தெரிந்தது. மஞ்சள் கயிற்றின் நுனி மட்டும் மேல்நோக்கி ஆடிக்கொண்டே போனது. கீழே போய் மற்ற கற்களோடு சேர்ந்து உட்கார்ந்தது. அங்கேயும் தெரிந்தது.

"திரும்பிப் பாக்காம போ," என்றாள் பொன்னி. "நீ முன்னால போ."

துர்கா முன்னால் நடந்தாள். அவளுக்கும் முன்னால் அசரியா சாரும் மீன்காரரும் சரிவில் ஏறிக்கொண்டிருந்தார்கள். பொன்னி கடைசியாக நடந்தாள். நனைந்த புடவை காலைத் தடுக்கியது.

பாதி தூரத்தில் பின்னால் கற்கள் சரிகிற சத்தம் கேட்டது. யாரோ தண்ணீரிலிருந்து கரையேறி இரண்டு அடி எடுத்து வைத்த மாதிரி. நின்றாள். துர்கா முன்னால் இருந்தாள். எல்லோரும் முன்னால்தான் இருந்தார்கள்.

தான் மிதித்த கல்தான், இப்போதுதான் அடங்குகிறது என்று பொன்னி தனக்குச் சொல்லிக்கொண்டாள். சத்தம் நிற்கும் வரை அசையாமல் நின்றாள். நின்றது. பிறகு துர்காவின் வெறும் பின்னலைப் பார்த்துக்கொண்டே, திரும்பாமல், மேட்டில் ஏறினாள்.